மாத்திரை எப்போ கேக்கும்?

இந்தப் பக்கம் ஒட்டடை படிஞ்சு ரொம்ப நாளாச்சு. போன தடவை எங்க ஊரு கோட்டையைப் பத்தி எழுதினேன். 1791-ல், மூணாவது மைசூர் சண்டையில, மேஜர் கௌடி படையோட வந்து ராயக்கோட்டையைப் புடிச்ச கதை. "கோட்டை முடிஞ்சுது, அடுத்து தக்காளியா?"ன்னு நண்பர் ஒருத்தர் பின்னூட்டத்துல நக்கலடிச்சிருந்தார். தக்காளி வரும் சாமி. ஆனா இந்தப் பதிவு மாத்திரையைப் பத்தி. தலைவலி, காய்ச்சல் மாத்திரை இல்லை, பயத்துக்கும் பதட்டத்துக்கும் போடற மாத்திரை. போட்டா எவ்வளவு நேரத்துல கேக்கும்? விழுங்கறது, நாக்குக்கடியில வெக்கறது, ஊசியா போட்டுக்கறது, இதுல எது சீக்கிரம்? இதுக்குப் பின்னாடி ஒரு தொண்ணூறு வருஷக் கதை இருக்கு. அதுல முதல் பாதி நம்ம நாட்டுல நடந்தது.

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை, மருந்துக்கடைக்காரனும் இல்லை. ஓசூர் சிப்காட்ல லேத் மெஷினுக்குப் பக்கத்துல நின்னு பாதி ஆயுசைக் கழிச்ச ஆளு. ஷிப்ட் முடிஞ்ச நேரத்துல படிச்சதை எழுதறேன், அவ்வளவுதான். உங்க மாத்திரைக்கு உங்க டாக்டர்தான்.

இப்போ கொசுவத்தி.

2011 ஆடி மாசம். எங்க சித்தப்பாவுக்கு அப்போ அறுபத்தொண்ணு. ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி. பறிக்கற கூலிக்குக்கூடக் கட்டலைன்னு விவசாயிங்க தக்காளியை ரோட்டோரம் கொட்டிட்டுப் போன சமயம். இவரு முன்பணம் குடுத்தது எல்லாம் அப்படியே நிக்குது. ஒரு நாள் விடியக்காலம் நெஞ்சை அழுத்துது, மூச்சு வாங்குது, கை மரத்துப் போகுதுன்னு எந்திரிச்சு உக்காந்துட்டார். ஹார்ட் அட்டாக்னு நெனச்சு ஓசூருக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஈசிஜி எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. "இதயத்துல ஒண்ணுமில்ல பெரியவரே, இது பதட்டம்"னு சொல்லி டயஸெபாம் மாத்திரை எழுதிக் குடுத்தார் அங்கிருந்த டாக்டர். சீட்டுல இருந்தது இவ்வளவுதான்: தேவைப்பட்டா ராத்திரி ஒண்ணு. எப்போ கேக்கும், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, ஒண்ணும் இல்லை. நாங்களும் கேக்கலை. மருந்துக்கடையில அட்டையைக் கத்திரிக்கோலால வெட்டி பத்து மாத்திரை குடுத்தாங்க. பேர் இருந்த பக்கம் கடையிலேயே நின்னு போச்சு.

அந்த ஞாயித்துக்கெழமை வீட்டுல மட்டன் கொழம்பு, ராகிக் களி. சித்தப்பா நல்லா சாப்பிட்டுட்டு ஒம்பது மணிக்கு ஒரு மாத்திரை போட்டார். ஒம்பதரைக்கு, "ஒண்ணும் கேக்கலியே"ன்னு ஆரம்பிச்சார். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஏற்கெனவே ஹார்ட் தொந்தரவு, சட்டைப் பையில எப்பவும் சார்பிட்ரேட் வெச்சிருப்பார். "முழுங்கினா எங்கய்யா கேக்கும்? நாக்குக்கடியில வெய்யி, ரெண்டே நிமிஷம்"னார். ரெண்டாவது மாத்திரை நாக்குக்கடியில போச்சு. கசப்பு. பத்து மணிக்கும் கேக்கலை. சித்தி, "போதும் மாமா, படுங்க"ன்னு கெஞ்சினாங்க. எங்க பக்கம் தாய்மாமனைக் கட்டறது சகஜம், அதனால சித்தி இன்னிக்கும் அவரை மாமான்னுதான் கூப்பிடுவாங்க. இவர் கேக்கலை. மூணாவதையும் முழுங்கினார்.

பதினோரு மணிக்கு மேல மூணும் சேர்ந்து கேட்டுச்சு. விடியக்காலம் மூணு மணிக்கு வழக்கம்போல மண்டிக்குப் போகணும்னு எந்திரிச்சவர், வாசப்படியில நிலைதடுமாறி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிஞ்சுது. மறுபடி ஓசூர். மாவுக்கட்டு போட்ட சின்ன வயசு டாக்டர் பொண்ணு கதையைக் கேட்டுட்டு சிரிக்கவும் முடியாம திட்டவும் முடியாம, "ஐயா, நீங்க ரெண்டாவதைப் போடும்போது முதல் மாத்திரை இன்னும் களிக்குள்ளயே உக்காந்திருந்துச்சு"ன்னாங்க.

அந்த ஒரு வரிதான் எனக்குள்ள பூந்துகிச்சு. அதுக்கப்புறம் வாரலீவு எல்லாம் இதைப் பத்தித் தேடறதுலயே போச்சு. தங்கமணிகிட்ட வாங்கினது தனிக்கதை.

மனசை அமைதிப்படுத்தற மருந்துன்னா எல்லாருக்கும் சுவிட்சர்லாந்து, அமெரிக்கான்னுதான் தோணும். ஆனா 'ட்ராங்குவிலைசர்'ங்கிற வார்த்தை எந்த மருந்துக்காகப் புழக்கத்துக்கு வந்துச்சோ, அது நம்ம ஊர் வேர். சர்ப்பகந்தா. பீகார் பக்கம் இதுக்கு 'பாகல் கி தவா'ன்னே பேர், அதாவது பைத்தியத்துக்கு மருந்து. தாவரவியல் பேர் ரவோல்ஃபியா. ஜெர்மனியில ஆக்ஸ்பர்க் நகரத்துல இருந்த லியோன்ஹார்ட் ரவோல்ஃப்ங்கிற பதினாறாம் நூற்றாண்டு வைத்தியரோட பேரை, அவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆனப்புறம் பிரெஞ்சுக்காரர் ப்ளூமியே வெச்சது. ரவோல்ஃப் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவர் சிரியா பக்கம் சுத்திட்டுப் போய் 1582-ல் எழுதின புத்தகத்துல, காபி குடிக்கற பழக்கத்தைப் பத்தி ஐரோப்பாவுக்கு முதல்ல சொன்ன ஆட்கள்ல ஒருத்தர். படபடப்பை ஏத்தற காபியை எழுதின ஆளோட பேர், படபடப்பை எறக்கற செடிக்கு! இந்த மாதிரி விஷயம் கெடைச்சா எனக்கு அன்னிக்குத் தூக்கம் வராது.

1931-ல் ரெண்டு வேலை ஒரே சமயத்துல நடந்தது. டெல்லி திப்பியா கல்லூரியில சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் உசேன் சித்திக்கியும் இந்த வேர்ல இருந்து வேதிப்பொருட்களைப் பிரிச்செடுத்தாங்க. ஒண்ணுக்கு அஜ்மலின்னு பேர் வெச்சாங்க, அந்தக் கல்லூரியை வளர்த்த ஹக்கீம் அஜ்மல் கான் நினைவா. அதே வருஷம் கல்கத்தாவுல கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ரெண்டு பேரும், புத்தி கலங்கினவங்களுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இந்த வேர்ப்பொடி கேக்குதுன்னு கட்டுரை போட்டாங்க. ஒன்றேகால் கிராமில் இருந்து ரெண்டு கிராம் வரை பொடி, நாளைக்கு ரெண்டு வேளை. ஒரு வாரத்துக்குள்ள ஆள் தெளியறார்னு எழுதினாங்க.

கவனிச்சீங்களா? ஒரு வாரம். அரை மணி நேரம் இல்லை. அந்தக் காலத்து வைத்தியருக்கும் நோயாளிக்கும் அது பெரிய விஷயமா படலை. வேர் மெதுவாத்தான் கேக்கும்னு எல்லாருக்கும் தெரியும்.

1949-ல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல், ரத்த அழுத்தத்துக்கு இதைப் பயன்படுத்தின அனுபவத்தை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்ல போட்டார். அதுக்கப்புறம்தான் வெள்ளைக்காரன் திரும்பிப் பார்த்தான். 1952-ல் சுவிட்சர்லாந்து பாசல் நகரத்து சிபா கம்பெனியில முல்லர், ஷ்லிட்லர், பைன் மூணு பேரும் வேர்ல இருந்து ரிசர்பினைப் பிரிச்சாங்க. கைநிறைய பொடி சாப்பிட்ட எடத்துல ஒரு மில்லிகிராமுக்கும் கீழே போதும்னு ஆச்சு. 1953-ல் சிபாவோட யாங்க்மேன் இந்த மருந்தைக் குறிக்க 'ட்ராங்குவிலைசர்'னு சொன்னார். 1954-ல் நியூயார்க் ராக்லண்ட் மனநல மருத்துவமனையில நேதன் க்ளைன் சர்ப்பகந்தாவைக் குடுத்துப் பார்த்து எழுதினார். 1955-ல் லண்டன்ல டேவிஸும் ஷெப்பர்டும் பதட்டமும் சோர்வும் இருந்த நோயாளிகளுக்கு ரிசர்பின் குடுத்து சோதிச்சாங்க. சும்மா குடுத்துப் பார்த்து "நல்லாருக்கு"ன்னு சொல்லாம, சில பேருக்கு மருந்து, சில பேருக்கு வெத்து மாத்திரைன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டாப்புல பிரிச்சு ஒப்பிட்டாங்க. மனநல மருந்துகள்ல அந்த மாதிரி நடந்த ஆரம்பகாலச் சோதனைகள்ல அது ஒண்ணு. மருந்து சாப்பிட்டவங்க பக்கம்தான் முன்னேற்றம் அதிகம். டேவிஸையும் ஷெப்பர்டையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில அவங்க தேவைப்படுவாங்க.

இங்கதான் சித்தப்பா பிரச்சினை, அமெரிக்காவுல பெரிய அளவுல நடந்தது. வேர்ப்பொடிக்கு ஒரு வாரம் பொறுத்திருந்தவங்க மாதிரி, ஆஸ்பத்திரிக்காரங்களால பொறுக்க முடியலை. மாத்திரை லேட்டாகுதுன்னு ரிசர்பினை ஊசியா போட ஆரம்பிச்சாங்க. என்ன ஆச்சு தெரியுமா? நேரா ரத்தக்குழாய்ல ஏத்தினாலும் உடனே கேக்கலை. ஒரு மணி நேரத்துக்கு மேல சும்மா இருந்துட்டு, அப்புறம்தான் மெதுவா ஆரம்பிக்குது. முழு பலன் தெரிய நாள்கணக்கு, வாரக்கணக்கு. வாசல் கதவைத் தொறந்து வுட்டும் விருந்தாளி உள்ள வந்து வேலையே பண்ணலைங்கிற மாதிரி.

இதுக்குக் காரணம் அடுத்தடுத்த வருஷங்கள்ல தெரிஞ்சுது. மண்டி உதாரணத்துலயே சொல்றேன். மூளை செல்லுங்க சேதி அனுப்ப டோபமின், செரடோனின் மாதிரி சரக்கை சின்னச் சின்ன குடோன்ல அடுக்கி வெச்சிருக்கும். ரிசர்பின் அந்த குடோனுக்குள்ள சரக்கு ஏத்தற வாசலை அடைச்சுடும். வெளிய கெடக்கற சரக்கு வீணாப் போயிடும். ஏற்கெனவே உள்ள இருக்கற சரக்கு கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு காலியாகணும். காலியானாத்தான் பலன். நீங்க வாசலை அடைக்கற ஆளை ராக்கெட்ல அனுப்பினாலும் குடோன் காலியாக ஆகற நேரம் ஆகத்தான் செய்யும். 1955-ல் அமெரிக்காவுல ப்ரோடியோட ஆய்வகத்துல செரடோனின் குறையறதைப் பார்த்தாங்க. 1957-ல் ஸ்வீடன்காரர் ஆர்விட் கார்ல்சன், ரிசர்பின் குடுத்து அசையாமக் கெடந்த முயலுங்களுக்கு எல்-டோபா ஊசி போட்டார். முயல் எல்லாம் கொஞ்ச நேரத்துலயே எந்திரிச்சுது. டோபமின் பத்தின அந்த ஆராய்ச்சிக்குத்தான் 2000-ல் அவருக்கு நோபல்.

ஆக மருந்து எந்த வழியா உள்ள போகுதுங்கறது ஒரு கணக்கு. உள்ள போனப்புறம் அது பண்ண வேண்டிய வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்ங்கறது வேற கணக்கு. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டா வம்புதான்.

குழப்பிக்கிட்டாங்க. க்ளைனும் அவரோட சகா பார்சாவும் 1955-ல் எழுதினதுல, ரிசர்பின் குடுத்தா மூணு கட்டம் வரும்னாங்க. முதல்ல ஆள் அடங்கி தூக்கக் கலக்கமா இருப்பார். அடுத்து, முன்னைவிட மோசமா கொந்தளிப்பார். அதையும் தாண்டினாத்தான் தெளிவு. ரெண்டாவது கட்டத்துல பயந்துபோய் மருந்தை நிறுத்திட்டா, பலன் வர்றதுக்கு முன்னாடியே கதை முடிஞ்சுது. பிற்பாடு, ரிசர்பின் சாப்பிட்ட சிலருக்குக் கடுமையான மனச்சோர்வு வருதுன்னு செய்திகள் வந்து மருந்தோட பேரே கெட்டுப் போச்சு. வகீலுக்கும் க்ளைனுக்கும் 1957-ல் லாஸ்கர் விருது கெடைச்சப்போ, சந்தை ஏற்கெனவே வேகமான மாத்திரைங்க பக்கம் சாய ஆரம்பிச்சிருந்தது. (நாட்டு மருந்துக்கடைக்குப் போய் சர்ப்பகந்தா வேர் கேக்காதீங்க. செடியே அழியற நெலமையில இருக்கு, மருந்தும் வெளையாட்டு இல்லை.)

வேகமான மாத்திரைங்கன்னா, 1955-ல் வந்த மில்டவுன். அப்புறம் ஹாஃப்மன் லா ரோஷ் கம்பெனியில லியோ ஸ்டெர்ன்பாக் பண்ணின வேலை. 1957-ல் ஆய்வகத்தை ஒழிச்சு சுத்தம் பண்ணும்போது ஓரமா கெடந்த ஒரு பழைய பொருளைத் தூக்கிப் போடாம சோதனைக்கு அனுப்பினாங்க. அதுதான் 1960-ல் லிப்ரியம். அதோட தம்பி 1963-ல் வேலியம், அதான் டயஸெபாம். 1969-ல் இருந்து 1982 வரைக்கும் அமெரிக்காவுல அதிகமா வித்த மருந்து அதுதான். 1978-ங்கற ஒரே வருஷத்துல மட்டும் 230 கோடி மாத்திரை.

வேலியம் ஏன் வேகம்? கொழுப்புல நல்லாக் கரையும். ரத்தத்துல சேர்ந்த உடனே மூளைக்குள்ள பூந்துடும். அங்க போய் குடோன் காலியாகறதுக்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை, உட்கார்ந்த நிமிஷத்துல வேலை ஆரம்பம். அதனால இதுக்கு மட்டும் 'எந்த வழியா உள்ள போகுது'ங்கறதுதான் மொத்தக் கணக்கும். வயித்துல இருந்து ரத்தத்துக்குப் போற நேரம்.

வெறும் வயித்துல போட்டா கால் மணி நேரத்துல ரத்தத்துல தெரிய ஆரம்பிச்சு, ஒண்ணுல இருந்து ஒண்ணரை மணி நேரத்துல உச்சத்துக்குப் போகுது. கொழுப்பு இருக்கற சாப்பாட்டோட போட்டா, தெரிய ஆரம்பிக்கவே முக்கால் மணி நேரம் ஆகுது, உச்சம் போக ரெண்டரை மணி நேரம் ஆகுது. இதை அந்த மாத்திரையோட விவரத்தாள்லயே போட்டிருக்கான். வயிறு சாப்பாட்டை அரைச்சு சிறுகுடலுக்குத் தள்ளினாத்தான் மாத்திரை உறிஞ்சப்படும். மட்டன் கொழம்பும் களியும் அவ்வளவு சீக்கிரம் எடத்தைக் காலி பண்ணாது. இப்போ சித்தப்பா கணக்கைப் பாருங்க. ஒம்பதுக்குப் போட்டது ஒம்பதே முக்காலுக்கு மேலதான் தலையே காட்டும். அவரு ஒம்பதரைக்கே தீர்ப்பு சொல்லிட்டார். பதினொண்ணரை வாக்குல முதல் மாத்திரை உச்சத்துல இருக்கும்போது பின்னாடியே மத்த ரெண்டும் வந்து சேர்ந்துகிச்சு. போதாததுக்கு டயஸெபாம் ஒடம்பை விட்டு லேசுல போகாது. வயசானவங்களுக்கு இன்னும் மெதுவா. விடியக்காலம் மூணு மணிக்கு அந்த மனுஷன் நடந்ததே ஆச்சரியம்.

சரி, நாக்குக்கடியில வெச்சதுக்கு என்ன ஆச்சு? பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னது பொய் இல்லை. அவரோட மாத்திரைக்கு அது உண்மை. நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் நல்லா கேக்குதுன்னு 1879-ல் லண்டன்ல வில்லியம் மர்ரெல் எழுதினதுல ஆரம்பிச்ச பரம்பரை அது. அந்த மருந்தை முழுங்கினா குடல்ல இருந்து நேரா கல்லீரலுக்குப் போகும், கல்லீரல் அதைப் பெரும்பாலும் சிதைச்சுடும். நாக்குக்கடியில வெச்சா கல்லீரலைச் சுத்திக்கிட்டு நேரா ரத்தத்துல கலக்கும். அதனால நிமிஷத்துல கேக்குது. டயஸெபாமுக்கு அந்தச் சுங்கச்சாவடி பிரச்சினையே இல்லை. முழுங்கினதுல தொண்ணூறு பங்குக்கு மேல கல்லீரலைத் தாண்டி வந்துடும். ஏய்ச்சுக்கிட்டுப் போக வேண்டிய ஆளே இல்லாத எடத்துல சந்து வழியா எதுக்குப் போகணும்? போதாததுக்கு, முழுங்கறதுக்குன்னே செஞ்ச மாத்திரை வாயில முழுசாக் கரையாது, பாதி எச்சிலோட வயித்துக்குத்தான் போகும். டயஸெபாமோட பங்காளி லோரஸெபாமை 1982-ல் அமெரிக்காவுல டேவிட் கிரீன்பிளாட் குழு ஆளுங்களுக்குக் குடுத்து அளந்தே பார்த்தாங்க. முழுங்கினாலும் நாக்குக்கடியில வெச்சாலும் உச்சத்துக்குப் போன நேரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ரெண்டே கால் மணி நேரத்தை ஒட்டி. கசப்புதான் மிச்சம். ஆனா கசக்கும்போது மருந்து வேலை செய்யற மாதிரி ஒரு தெம்பு வருது பாருங்க, அது எந்த அளவுலயும் வராது.

எனக்கு ரொம்பத் தூக்கிவாரிப் போட்டது ஊசி சமாச்சாரம். நம்ம ஊர்ல ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை. "ஒரு ஊசி போட்டு அனுப்புங்க சார், உடனே கேக்கும்"னு சொல்லாத ஆள் ராயக்கோட்டையில இருக்காங்களா? டயஸெபாமை இடுப்புல சதை ஊசியா போட்டா, மாத்திரையை முழுங்கறதை விட லேட்டாத்தான் பெரும்பாலும் கேக்கும்! 1970-கள்ல ரத்தத்துல அளந்து பார்த்தப்போதான் இது வெளிய வந்துச்சு. டயஸெபாம் தண்ணியில கரையாது. அதனால ஊசி மருந்துல அதை வேற கரைப்பான்ல, புரொப்பிலீன் கிளைக்கால், ஆல்கஹால் இதுங்கள்ல கரைச்சு வெச்சிருப்பான். சதைக்குள்ள போன உடனே கரைப்பான் தனியா கலைஞ்சு போக, மருந்து படிஞ்சு அங்கேயே உக்காந்துக்கும். இடுப்புல சதைன்னு நெனச்சுக் குத்தற எடம் பாதிப் பேருக்குக் கொழுப்பு. வலியும் அதிகம், பலனும் ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி. தோள்பட்டையில போட்டா கொஞ்சம் பரவாயில்லை. லோரஸெபாமுக்கு இந்தக் கோளாறு கெடையாது, அது சதையில இருந்து ஒழுங்கா ஏறும். டயஸெபாம் ஊசி நெஜமா உடனே கேக்கணும்னா ரத்தக்குழாய்லதான் போடணும், அதையும் மெதுவா, பக்கத்துல மூச்சைக் கவனிக்க ஆள் இருக்கும்போது.

இந்தச் சதை ஊசிச் சிக்கலுக்கு ரோஷ் கம்பெனியே 1970-கள்ல ஒரு பதில் கண்டுபுடிச்சுது. மிடஸோலம். லேத்துல வேலை செய்யற எனக்கு இந்த வேலைப்பாடு ரொம்பப் புடிச்சுது. அமிலத்தன்மை இருக்கற ஊசிக்குப்பிக்குள்ள மூலக்கூறோட வளையம் ஒண்ணு தொறந்துக்கும், அதனால தண்ணியில கரையும். ஒடம்புக்குள்ள போன உடனே வளையம் மூடிக்கும், கொழுப்புல கரையற ஆளா மாறிடும், மூளைக்குள்ள பூந்துடும். சதையில போட்டாலும் கேக்கும், மூக்குல அடிச்சாலும் கேக்கும். இன்னிக்கு வலிப்பு வர்ற புள்ளைங்களுக்கு வீட்டுலயே மூக்குல அடிக்கற ஸ்பிரே இதுதான். வலிப்புக்கு அந்த நிமிஷக்கணக்கு உயிர்க்கணக்கு. படபடப்புக்கு அவ்வளவு அவசரம் தேவையான்னு கேட்டா, வேகம் கூடக் கூட பழக்கமாகிப் போற ஆபத்தும் கூடுதுங்கறதுதான் டாக்டருங்களோட கவலை. போட்ட உடனே சுகம்னா மனசு அடுத்ததைக் கேக்கும். அல்ப்ரஸோலம், டயஸெபாம் எல்லாத்தையும் 2013-ல் அட்டவணை எச்1-ல சேர்த்து, 2014 மார்ச்சுல இருந்து மருந்துக்கடைக்காரர் வாங்கறவர் பேர், சீட்டு எழுதின டாக்டர் பேர் எல்லாம் தனி நோட்டுல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும்னு ஆக்கினாங்க. சித்தப்பாவுக்கு அட்டையை வெட்டிக் குடுத்தது அதுக்கு முந்தின காலம்.

மாவுக்கட்டு பிரிச்சப்புறம் சித்தப்பாவை பெங்களூர் நிம்ஹான்ஸுக்குக் கூட்டிட்டுப் போனேன். நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து ஜனங்க விடியக்காலம் வண்டியேறி வந்து அங்க வரிசையில நிக்கறது புதுசு இல்லை. மைசூர் சமஸ்தானத்து மனநல மருத்துவமனையா இருந்த எடம். 1954-ல் அங்க அகில இந்திய மனநல நிறுவனம் ஆரம்பிச்சு, 1974-ல் ரெண்டும் ஒண்ணா சேர்ந்து நிம்ஹான்ஸ் ஆச்சு. 1954, க்ளைன் சர்ப்பகந்தா பத்தி எழுதின அதே வருஷம். கூடத்துல உக்காந்து இதை சித்தப்பாகிட்ட சொன்னேன். "இப்போ ரொம்ப முக்கியமாடா?"ன்னார்.

டாக்டர் அவருக்கு டயஸெபாமைத் தொடரலை. எஸ்சிட்டலோப்ரம்னு ஒண்ணு, ரொம்பக் கம்மி அளவுல ஆரம்பிச்சு. கூடவே ரெண்டு வாரத்துக்கு மட்டும் ராத்திரியில ஒரு சின்ன மாத்திரை, அதையும் படிப்படியா குறைச்சு நிறுத்தணும். சித்தப்பா கேட்ட முதல் கேள்வியே, "எப்போ சார் கேக்கும்?" டாக்டர் அசராம, "அடுத்த மாசம்"னார். தமிழ் தெரிஞ்ச கன்னடத்துக்காரர். "மொதல் வாரம் கொஞ்சம் படபடப்பு ஜாஸ்தியாக் கூட ஆகலாம், அதுக்குப் பயந்து விடக்கூடாது. ரெண்டு வாரம், நாலு வாரம், சில பேருக்கு ஆறு வாரம்." இந்த மாத்திரை போட்ட சில மணி நேரத்துலயே செரடோனின் கணக்குல மாத்தம் வந்துடுது, ஆனா மனசுல பலன் தெரிய ஏன் வாரக்கணக்கா ஆகுதுன்னு விஞ்ஞானிங்க இன்னிக்கும் வாதாடிக்கிட்டிருக்காங்க. ஊசியாப் போட்டாலும் அவசரப்படுத்த முடியாத ரகம். கணநாத் சென் குடுத்த வேர்ப்பொடிக்காரங்க காத்திருந்த மாதிரி காத்திருக்கணும்.

சித்தப்பா காத்திருக்கலை. ஒம்பதாம் நாள், "இது டுபாக்கூர் மாத்திரைடா, கேக்கவே இல்ல"ன்னு நிறுத்திட்டார். சித்தி ஒண்ணும் பேசலை. சமையக்கட்டுல மாட்டியிருந்த தினசரி காலண்டரை எடுத்து, அன்னியில இருந்து நாப்பத்தி ரெண்டு தாளுக்கும் மூலையில பென்சிலால நம்பர் போட்டாங்க. தினம் விடிஞ்சதும் மாத்திரையை முழுங்கினப்புறம்தான் தாளைக் கிழிக்கணும், மாத்திரை முழுங்காம தாளைத் தொட்டா அன்னிக்கு காபி கெடையாது. மனுஷன் எந்த டாக்டருக்கும் அடங்காதவர், காபிக்கு அடங்கினார். ரவோல்ஃப் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்.

முப்பத்தி மூணாவது தாளோ முப்பத்தி நாலோ. நான் நைட் ஷிப்ட் முடிச்சு மண்டி வழியா வந்தேன். சித்தப்பா ஏலத்துல நின்னு யாரையோ சத்தமா கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டு ரெண்டு மாசமாச்சு. "என்ன சித்தப்பா, மாத்திரை கேட்டுச்சா?"ன்னேன்.

"மாத்திரையாவது மண்ணாவது. விலை ஏறிச்சுடா, அதான்."

நெஜமாவே அந்த வாரம் தக்காளி விலை ஏறியிருந்தது. மாத்திரையா, தக்காளியான்னு பிரிச்சு சொல்ல டேவிஸும் ஷெப்பர்டும் ராயக்கோட்டை மார்க்கெட்டுக்கு வந்து, பாதி மண்டிக்காரங்களுக்கு மாத்திரையும் மீதிப் பேருக்கு வெத்து மாத்திரையும் குடுத்துப் பார்த்தாத்தான் உண்டு. சித்தி மட்டும் மிச்சத் தாளையும் விடாம கிழிக்க வெச்சாங்க. நாப்பத்தி ரெண்டு முடிஞ்சதும் மறுபடி ஒண்ணுல இருந்து நம்பர் போட ஆரம்பிச்சாங்க.